எண்ணிக்கொண்டிருந்தவன் நான்

2009-ஆம் ஆண்டு. சுசீந்திரன் இயக்கிய ‘வெண்ணிலா கபடி குழு’ வந்து கொஞ்ச காலம்தான் ஆகியிருந்தது. அந்தப் படத்தில் கபடியைவிட எங்கள் மனசில் ஒட்டிக்கொண்டது பரோட்டாக் கடைக் காட்சிதான். 50 பரோட்டாவைத் தின்றுவிட வேண்டும் என்பது பந்தயம். சூரி அசராமல் உள்ளே தள்ளிக்கொண்டே போவார். கணக்கில் தகராறு வந்ததும், பழையதை அழித்துவிட்டு முதலிலிருந்து எண்ணச் சொல்வார். அந்த ஒரு காட்சியிலேயே அவருக்குப் ‘பரோட்டா சூரி’ என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. தமிழ்நாட்டில் அந்தப் படம் என்ன செய்ததோ தெரியாது, கோலாலம்பூரின் சாலாக் செலாத்தானில் எங்கள் கூட்டத்துக்கு ஒரு யோசனையைக் கொடுத்துவிட்டது.

பரோட்டாவுக்கு எங்கே போவது? ரொட்டி சானாய் இருக்கிறதே!

எங்களுக்கு அப்போது 19, 20 வயது. வேலை முடிந்து இரவு 10 மணிக்கு மேல் கூடுகிற மாமாக் கடை ஒன்று இருந்தது. தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, தூணில் கட்டிய தொலைக்காட்சி. ரொட்டி போடுகிற பாய் ராமநாதபுரம் பக்கத்துக்காரர். அதிகம் பேச மாட்டார். எண்ணெயில் ஊறிய மாவு உருண்டைகள் தட்டில் வரிசையாக இருக்கும். ஒன்றை எடுத்து உள்ளங்கையால் அமுக்கி, விளிம்பைப் பிடித்து இரண்டு தடவை வீசினால் போதும், மாவு மேசைத் துணி மாதிரி விரிந்துவிடும். அந்த அழகைப் பார்க்கவே கல்லுக்குப் பக்கத்து மேசையில் உட்காருவோம்.

பந்தயம் இதுதான்: அரை மணி நேரத்தில் 20 ரொட்டி கோசோங், அதாவது வெறும் ரொட்டி சானாய். சாப்பிட்டு முடித்தால் சாப்பாட்டுக் காசை நாங்கள் கட்டுவோம், மேலே 50 வெள்ளி. என் கூட்டாளி ஒருவன் உட்கார்ந்தான். நல்ல உடம்பு, எப்போதும் பசி, யார் சவால் விட்டாலும் தட்ட மாட்டான். எண்ணுகிற வேலை எனக்கு. ஒரு ரொட்டி முடிந்தால் ஒரு பல் குத்தும் குச்சியை மேசையில் வைப்பேன்.

முதல் 8 ரொட்டி பருப்புக் குழம்பில் தோய்ந்து சிரிப்போடு போனது. பத்தில் பேச்சு நின்றது. பதின்மூன்றில் கழுத்தெல்லாம் வேர்வை. குழம்பைத் தொடுவதை விட்டுவிட்டுத் தண்ணீரில் நனைத்து விழுங்க ஆரம்பித்தான். கடையில் இருந்த மற்றவர்களும் மேசையைச் சுற்றி வந்துவிட்டார்கள். 15, 16 என்று நாங்கள் சத்தம் போட்டு எண்ணினோம். பதினேழாவது ரொட்டியை அவன் வாயில் வைத்துக்கொண்டு மெல்லாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான். கண் இரண்டும் தண்ணியாக இருந்தது. நான் பதினேழாவது குச்சியைக் கையில் பிடித்துக்கொண்டு, “முழுங்குடா, முழுங்குடா” என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அப்போது டப்பென்று ஒரு சத்தம். பாய் அடுப்பை அணைத்துவிட்டார்.

“போதும் தம்பி. மாவு இருக்கு. நான் போட மாட்டேன்.”

“மூனுதான்லா பாய் இன்னும்!”

“பசிக்கு எத்தனை வேணும்னாலும் போடுவேன். இதுக்குப் போட மாட்டேன்.”

கரண்டியைக் கல்லின் ஓரத்தில் வைத்துவிட்டுக் கை துடைத்துக்கொண்டார். எங்களுக்குக் கோபம். பந்தயத்தைக் கெடுத்துவிட்டாரே என்று முணுமுணுத்தோம். கூட்டாளி எழுந்து நேராகச் சாக்கடைப் பக்கம் போனான். அப்புறம் ஒரு மணி நேரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்தே உட்கார்ந்திருந்தான். பாய்தான் ஓர் இஞ்சித் தேநீர் கலந்து கொண்டுவந்து வைத்தார். அதற்குக் காசு வாங்கவில்லை.

இத்தனை வருஷம் கழித்து யோசித்தால், அன்றைக்கு அந்த மேசையில் புத்தி தெளிவாக இருந்த ஒரே ஆள் அவர்தான். சாப்பிட்டவனுக்கு நிறுத்த வழியில்லை. நிறுத்தினால் மானம் போய்விடும். எங்களுக்கு நிறுத்த மனசில்லை. சமைத்தவர் நிறுத்தினார்.

ஒரு ரொட்டி கோசோங் சுமார் 300 கலோரி. 17 என்றால் 5,000-க்கு மேல். ஆனால் கலோரியைவிட அவசரமான சங்கதி வயிற்றின் கொள்ளளவு. வயிறு தசைப்பை. உள்ளே போகப் போக விரியும், ஓர் அளவு வந்ததும் மூளைக்குத் தகவல் சொல்லும். அந்தத் தகவல் முழுசாகப் போய்ச் சேர 20 நிமிஷம்கூட ஆகலாம். வேகமாகத் தின்கிற பந்தயம் எதுவாக இருந்தாலும், அந்தத் தகவல் வருவதற்குள் முந்திக்கொள்வதுதான் தந்திரம்.

இதையே தொழிலாக வைத்திருப்பவர்களின் வயிறு எப்படி இருக்கும் என்று பென்சில்வேனியா பல்கலைக்கழக மருத்துவர்கள் 2007-இல் படம் எடுத்துப் பார்த்தார்கள். சாப்பாட்டுப் போட்டி வீரர் ஒருவர், நன்றாகச் சாப்பிடக்கூடிய சாதாரண ஆள் ஒருவர். சாதாரண ஆள் 7 ஹாட் டாக்கில் கையைத் தூக்கிவிட்டார். வீரர் 10 நிமிஷத்தில் 36 தின்றார். இன்னும் தின்பேன் என்றவரை மருத்துவர்கள்தான் நிறுத்தினார்கள். படத்தில் அவர் வயிறு, மேல்வயிற்றுப் பகுதியின் பெரும்பாகத்தை அடைத்த தொளதொளப்பான பையாகத் தெரிந்தது. உணவைப் பிசைந்து கீழே தள்ளுகிற அசைவே அதில் அநேகமாக இல்லை. சாப்பிட்டபிறகும் வயிறு நிறைந்த உணர்வு வருவதே இல்லை என்று அவரே சொன்னாராம். பின்னாளில் இந்த வயிறு சுருங்கி வேலை செய்யும் சக்தியையே இழந்துவிடக்கூடும் என்று அந்த மருத்துவர்கள் எச்சரித்தார்கள்.

ஜப்பானின் தக்கேரு கொபயாஷியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 2001-இல் நியூயார்க்கில் 12 நிமிஷத்தில் 50 ஹாட் டாக் தின்று, அதற்கு முன் இருந்த சாதனையை இரட்டிப்பாக்கியவர். சாப்பாட்டுப் போட்டி என்கிற கேளிக்கை உலகம் முழுக்கப் பரவ அவர் பெரிய காரணம். போட்டியிலிருந்து விலகுவதாக அவர் 2024-இல் அறிவித்தபோது சொன்ன காரணம் உடல்நிலை. பசி என்கிற உணர்வே தனக்கு வருவதில்லை என்றார். சாப்பாட்டில் உலகத்தை ஜெயித்தவருக்குப் பசி இல்லாமல் போயிற்று. அதைப் படித்த அன்றைக்கு எனக்கு அந்த இரவும், வாயில் ரொட்டியை வைத்துக்கொண்டு மெல்லாமல் உட்கார்ந்திருந்த கூட்டாளியின் முகமும்தான் ஞாபகம் வந்தன.

நம் ஆட்களுக்குச் சாப்பாட்டில் வீரம் புதிதில்லை. ‘சாப்பாட்டு ராமன்’ என்று செல்லமாகவே கூப்பிடுகிறோம். கல்யாணப் பந்தியில் எத்தனை தோசை, எத்தனை துண்டு ஆட்டுக்கறி என்று தாத்தாமார்கள் கதை சொல்வார்கள். ஆனால் அந்தப் பந்தியில் ஒரு சின்ன ஏற்பாடு இருந்தது, இப்போதும் இருக்கிறது. பிரிக்ஃபீல்ட்ஸில் எந்த வாழையிலைக் கடையிலும் போய்ப் பாருங்கள். கிள்ளானில் தெங்கு கெலானா சாலைப் பக்கமும் அதேதான். சோற்று வாளியோடு ஒருவர் வருவார், கீரை, பூசணி, பாகற்காய் வறுவலோடு இன்னொருவர் வருவார். கேட்டுக்கொண்டே போடுவார்கள். சோறும் காய்கறியும் எத்தனை தடவை வாங்கினாலும் பெரும்பாலான கடைகளில் அதே விலைதான். அப்படிப் பார்த்தால் அதுவும் ஒரு சவால்தான்: முடிந்தவரை சாப்பிடு!

ஆனால் யாரும் அங்கே வெடித்துச் சாவதில்லை. காரணம், இலைக்கு மேலே இரண்டு கையையும் விரித்தால் வாளி நின்றுவிடும். இலையை நம் பக்கமாக மடித்துவிட்டால் கதை முடிந்தது. பரிமாறுகிறவர் இரண்டு தடவை வற்புறுத்துவார், அது மரியாதை. மூன்றாவது தடவை வற்புறுத்த மாட்டார், அதுவும் மரியாதை. பொன்னைக் கொடுத்தாலும் மண்ணைக் கொடுத்தாலும் மனுஷன் போதும் என்று சொல்ல மாட்டான், சோற்றில் மட்டும்தான் சொல்வான் என்று எங்கள் பாட்டி அடிக்கடி சொல்லும். உங்கள் பாட்டியும் சொல்லியிருக்கும். பந்தயம் செய்கிற முதல் வேலை அந்த ஒரு சொல்லைப் பிடுங்கிக்கொள்வது. இலை சாப்பிடுகிறவன் முன்னால் இருக்கும், அதை மடிக்கிற உரிமை சுற்றி நிற்கிற கூட்டத்திடம் போய்விடும்.

இப்போது அந்தக் கூட்டம் கைப்பேசிக்குள் போய்விட்டது. அதைப் பற்றிச் சொல்லத்தான் இந்தப் பதிவையே ஆரம்பித்தேன்.

போன வருஷக் கடைசிப் பள்ளி விடுமுறை. அக்கா வீட்டில் இருந்தேன். அக்கா மகனுக்கு 15 வயது. அவனும் கூட்டாளிகள் இரண்டு பேரும் மேல் அறையில் கதவைச் சாத்திக்கொண்டிருந்தார்கள். விளையாடுகிறார்கள் என்று நினைத்தோம். அவர்கள் காசு சேர்த்து, இணையத்தில் ஒரு வெளிநாட்டுக் காரச் சிப்ஸ் வாங்கியிருக்கிறார்கள். சின்னப் பெட்டி, உள்ளே ஒரே ஒரு சிப்ஸ். தின்றுவிட்டு 5 நிமிஷம் தண்ணீர் குடிக்கக்கூடாது, அதுதான் விதி.

தொப்பென்று சத்தம் கேட்டு ஓடினேன். குளியலறைத் தரையில் சுருண்டு கிடந்தான். முகம் வெளுத்து, கை இரண்டும் ஜில்லென்று, உடம்பெல்லாம் வேர்வை. “மாமா, வயிறு… வயிறு…” என்பதைத் தவிர வேறு பேச்சு வரவில்லை. பயத்தில் தண்ணீரைக் கொடுத்தேன், அது தப்பு. அக்காதான் பால் எடுத்து வந்தாள். வாந்தி எடுத்தான், மறுபடியும் எடுத்தான். காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு மருத்துவமனைக்குப் போனோம். சாயங்காலம் வரை மருந்து ஏற்றி வைத்திருந்துவிட்டு அனுப்பினார்கள். நல்லபடியாக வந்துவிட்டான்.

என்னால் மறக்க முடியாதது வேறு. நான் குளியலறைக்குள் ஓடியபோது, கதவோரம் அவன் கூட்டாளி நின்றுகொண்டிருந்தான். அவனுக்கும் முகமெல்லாம் பயம், உதடு நடுங்கியது. ஆனால் கையில் இருந்த கைப்பேசி இன்னும் படம் எடுத்துக்கொண்டே இருந்தது. அவனைத் திட்ட வாயைத் திறந்தேன், வார்த்தை வரவில்லை. பதினேழாவது குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவன் நான்தானே!

இந்தக் காரச் சமாச்சாரத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் பெரியவர்கள் பலர் இதை “காரம்தானே, நாம சாப்பிடாத காரமா” என்று விட்டுவிடுகிறார்கள்.

மிளகாயின் காரத்துக்குக் காரணம் கேப்சைசின் என்கிற பொருள். நாக்கிலும் குடலிலும் தோலிலும் சூட்டை உணர்கிற ஏற்பி ஒன்று இருக்கிறது. சாதாரணமாக 43 டிகிரிக்கு மேல் சூடு பட்டால்தான் அது விழித்துக்கொள்ளும். கேப்சைசின் அதன்மேல் போய் ஒட்டிக்கொண்டு, சூடே இல்லாமல் விழிக்க வைத்துவிடும். நெருப்புப் பட்டதாகவே மூளை நம்பும். இதைக் கண்டுபிடித்த டேவிட் ஜூலியஸுக்கு 2021-இல் மருத்துவ நோபல் பரிசு பகிர்ந்து கொடுக்கப்பட்டது. பறவைகளுக்கு இந்த எரிச்சல் தெரியாது, அதனால்தான் கிளி மிளகாயைக் கொறிக்கிறது. விதையைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போட அந்தச் செடிக்குப் பறவை வேண்டும், விதையை மென்று நாசம் பண்ணுகிற விலங்கு வேண்டாம். காரம் என்பதே, நம்மைப் போன்ற பிராணிகளைப் பார்த்துச் செடி சொல்கிற ‘போதும்’தான். ஒரு சிட்டிகையில் அந்த எச்சரிக்கையை ருசியாக்கிக்கொண்டது மனுஷனின் கெட்டிக்காரத்தனம். தென்னமெரிக்காவிலிருந்து போர்த்துகீசியர் வழியாக மிளகாய் நம்மிடம் வந்தபோது, பழகிய மிளகின் பெயரையே அதற்கும் வைத்து வீட்டுக்குள் சேர்த்துக்கொண்டோம்.

காரத்தை அளக்க 1912-இல் வில்பர் ஸ்கோவில் ஓர் அளவு கொண்டுவந்தார். நம் வீட்டுச் சிலி பாடி அந்த அளவில் 50,000-இலிருந்து 1 லட்சம் வரை போகும். அசாம் பக்கத்துப் பூத் ஜொலோக்கியா 10 லட்சத்தைத் தாண்டும், 2007-இல் உலகிலேயே காரமானது என்று கின்னஸில் ஏறியது. 2013-இல் கரோலினா ரீப்பர் வந்தது, சராசரி 16 லட்சத்துக்கு மேல். 2023-இல் பெப்பர் எக்ஸ், 26 லட்சத்துக்கு மேல். கடைசி இரண்டையும் விளைவித்தவர் ஒரே ஆள், எட் கறி. இவை சமையலுக்காக விளைந்தவை என்று என்னால் நம்ப முடியவில்லை. அம்மா சம்பலுக்கு 5 சிலி பாடி போட்டு இடிப்பதும், ரீப்பர் பொடியில் புரட்டிய ஒரு சிப்ஸை முழுசாக விழுங்குவதும் ஒன்றல்ல.

நடந்தவற்றைச் சொல்கிறேன். 2016-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வந்த கேஸ்: 47 வயது ஆள், பந்தயத்துக்காக பூத் ஜொலோக்கியா விழுது வைத்த பர்கரைத் தின்றார். வாந்தி எடுத்த வேகத்தில் உணவுக்குழாய் கிழிந்துவிட்டது. அறுவைச் சிகிச்சை, 23 நாள் மருத்துவமனை. 2018-இல் இன்னொரு கேஸ்: நியூயார்க்கில் மிளகாய் தின்னும் போட்டியில் ஒரு ரீப்பரைத் தின்ற 34 வயதுக்காரருக்கு இடி விழுந்த மாதிரித் தலைவலி. ஸ்கேன் எடுத்தால் மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் சுருங்கியிருந்தன.

2023 செப்டம்பரில் அமெரிக்காவின் வூஸ்டர் நகரத்தில் 14 வயதுப் பையன் ஒருவன், சவப்பெட்டி வடிவப் பெட்டியில் விற்ற ஒற்றைச் சிப்ஸைத் தின்ற அன்றே இறந்துபோனான். பிரேதப் பரிசோதனை முடிவு அடுத்த வருஷம் வந்தது. அதிகக் கேப்சைசின் உள்ள உணவைத் தின்ற நிலையில் இதயமும் மூச்சும் நின்றதாக அதில் இருந்தது. அவனுக்கு இதயம் பெரிதாகியிருந்ததும், இதய ரத்தக் குழாயில் பிறவியிலேயே ஒரு கோளாறு இருந்ததும் அப்போதுதான் தெரிந்தது. தன் பிள்ளையின் இதயத்தில் இப்படி ஒன்று இருக்கிறதா என்று இதைப் படிக்கிற எந்தத் தாய் தகப்பனுக்குத் தெரியும்? எனக்கு என் அக்கா மகனின் இதயத்தைப் பற்றி எதுவும் தெரியாது. அந்தச் சிப்ஸ் நிறுவனம் சரக்கைச் சந்தையிலிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது. அதே மாதிரிச் சரக்குகள் வேறு வேறு பெயரில் இன்னும் வருகின்றன.

2024 ஜூலையில் தோக்கியோவில் 14 உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் காரச் சிப்ஸ் தின்று ஆம்புலன்ஸில் போனார்கள். 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ஆகாது என்று அந்தப் பொட்டலத்திலேயே அச்சிட்டிருந்தது. அந்த எச்சரிக்கை பிள்ளைகளுக்கு அழைப்பிதழ் மாதிரிதான் வேலை செய்திருக்கும். அடுத்த மாதமே நம் மலேசியாவில், பூத் ஜொலோக்கியாக் காரத்தில் செய்த கோந்து மிட்டாயைத் தின்று ஆரம்பப் பள்ளி மாணவர்கள் உடல் கெட்டுப் போக, சுகாதார அமைச்சு அதன் விற்பனையை நிறுத்த நடவடிக்கை எடுத்தது. மிட்டாய்! ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகள்!

காரம் இல்லாத பந்தயம் பரவாயில்லையா என்றால், அதுவும் இல்லை. இட்லியைவிடச் சாதுவான உணவு உண்டா? நோயாளிக்குக் கொடுப்பது, கைக்குழந்தைக்கு முதலில் ஊட்டுவது. 2024 ஓணத்தின்போது பாலக்காட்டுப் பக்கம் வாளையாரில் நடந்த இட்லி தின்னும் போட்டியில், 49 வயது லாரி ஓட்டுநர் ஒருவர் தொண்டையில் இட்லி அடைத்து இறந்துபோனார். மென்று தின்றால் மாவாகக் கரைகிற இட்லி, அவசரத்தில் உள்ளே தள்ளினால் மூச்சுக்குழாய் வாயில் களிமண் மாதிரி அப்பிக்கொள்ளும்.

அதற்குச் சில வாரம் முன்புதான் கோயம்புத்தூரில் ஒரு புது உணவகம், அரை மணி நேரத்தில் 6 பிரியாணி தின்றால் 1 லட்சம் ரூபாய் என்று அறிவித்தது. ரயில் நிலையப் பக்கமே கூட்டத்தில் திணறியது, போலீஸ் வழக்குப் போட்டது. அந்தக் கூட்டத்தில் ஒரு தகப்பனும் உட்கார்ந்து தின்றார். ஆட்டிசம் உள்ள மகனின் சிகிச்சைக்குப் பணம் வேண்டும் என்றார். அந்தக் காணொளியை என்னால் முழுசாகப் பார்க்க முடியவில்லை. வயிறு நிறைந்தபிறகும் ஒருவர் அழுத்தி அழுத்தி விழுங்குவது, பிள்ளையின் மருந்துச் செலவை எண்ணிக்கொண்டு. அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. அவரை அந்த மேசையில் உட்கார வைத்ததை விளையாட்டு என்று யார் சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

சீனாவில் 2021 ஏப்ரலில் உணவு வீணாக்கத்துக்கு எதிரான சட்டம் கொண்டுவந்தபோது, அளவுக்கு மீறித் தின்று காட்டும் காணொளிகளுக்கும் சேர்த்தே தடை போட்டார்கள், மீறுகிற தளங்களுக்கு 1 லட்சம் யுவான் வரை அபராதம். இங்கே அப்படி ஒரு சட்டம் வர வேண்டுமா என்பது பெரிய பேச்சு. நான் சட்டத்துக்குக் காத்திருக்கத் தயாராக இல்லை. நம் கையில் இருப்பதைப் பற்றிப் பேசுகிறேன்.

நம் இளைஞர் மன்றங்களின் பொங்கல் விழா, தீபாவளி ஒன்றுகூடல், குடியிருப்புக் குடும்ப தினம் எல்லாவற்றிலும் உறியடி, தோரணம் பின்னுதல், கோலப் போட்டி நடுவில் ஒரு சாப்பாட்டுப் போட்டி நுழைந்துவிடுகிறது. யார் முதலில் போத்தல் கேஸ் தண்ணியைக் குடிப்பது, யார் முதலில் 10 லட்டு தின்பது. சின்ன வயதில் நானும் ஓடியிருக்கிறேன். 2023 தேசிய சுகாதார ஆய்வின்படி இந்த நாட்டில் பெரியவர்களில் 6 பேரில் ஒருவருக்கு இனிப்பு நீர், இனவாரியாகப் பார்த்தால் நம்மவர்களிடம்தான் அதிகம். வீட்டுக்கு ஒருவர் மாத்திரைப் பெட்டியோடு இருக்கிற சமுதாயம், மேடை போட்டுப் பிள்ளைகளுக்கு லட்டைத் திணிக்கலாமா?

இன்னொன்று. அப்படிப் போட்டி நடக்கிற இடத்தில், தொண்டை அடைத்தால் என்ன செய்வது என்று தெரிந்த ஒருவரையாவது நான் பார்த்ததில்லை. அதனால் இங்கேயே எழுதிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொள்ளுங்கள். அடைத்தவரால் பேசவும் இருமவும் முடிகிறதென்றால், இருமச் சொல்லுங்கள், முதுகில் தட்ட வேண்டாம். பேச்சே வரவில்லை, கை கழுத்துக்குப் போகிறது என்றால், ஒருவர் 999-க்கு அழைக்கட்டும். இன்னொருவர் அவரை முன்னால் குனியவைத்து, இரண்டு தோள்பட்டை எலும்புக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பாகத்தால் 5 தடவை பலமாக அடிக்கவும். வெளியே வரவில்லையென்றால் பின்னால் நின்று, தொப்புளுக்கு மேலே விலா எலும்புக்குக் கீழே முஷ்டி வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 தடவை இழுக்கவும். மாற்றி மாற்றிச் செய்துகொண்டே இருக்கவும். தண்ணீர் ஊற்றாதீர்கள். ஒரு வயசுக்குக் குறைந்த குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் வயிற்றில் அழுத்தக்கூடாது. அவர்களுக்கான முறை வேறு. முதலுதவிப் பயிற்சி நடத்துகிறவர்களிடம் அதைப் போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

காரம் ஏறிவிட்டால் தண்ணீர் உதவாது, கேப்சைசின் தண்ணீரில் கரையாது. பாலும் தயிரும் உதவும், அவற்றில் உள்ள புரதம் அதைப் பிடித்து இறக்கும். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், நிற்காத வாந்தி, பொறுக்க முடியாத தலைவலி என்றால் பாலைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக மருத்துவமனை.

அக்கா மகன் அந்தக் காணொளியை அழித்துவிட்டான். யாரும் சொல்லாமல் அவனே அழித்தான். போன ஞாயிற்றுக்கிழமை சாலாக் செலாத்தானில் கொமுட்டர் ஏறி அவனை பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனேன். ரசத்துக்குச் சோறு வாங்கிக்கொண்டான். மறுபடி வாளி வந்தபோது இரண்டு கையையும் இலைமேல் விரித்து, “போதும்ண்ணே” என்றான். பரிமாறுகிறவர் தலையாட்டிவிட்டு அடுத்த மேசைக்குப் போனார். வீட்டுக்குப் போகிற வழியில் அந்த மாமாக் கடைப் பாயின் கதையை அவனுக்குச் சொன்னேன். “அவரு ஏன் மாமா காச விட்டாரு? மூனு ரொட்டி வித்திருக்கலாமே?” என்று கேட்டான். அவர் அன்றைக்குச் சொன்னதையே சொன்னேன்: பசிக்குப் போடுவார், இதுக்குப் போட மாட்டார்.

இதைப் படிக்கிற மன்றத் தலைவர்கள், செயலாளர்கள், ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள்: அடுத்த விழா நிகழ்ச்சி நிரலில் தின்னும் போட்டி இருந்தால் அதை எடுத்துவிட்டு, பிள்ளைகளுக்கு ரொட்டி வீசும் போட்டி வையுங்கள். மாவைப் பிசையட்டும், கிழியட்டும், சிரிக்கட்டும். மற்றவர்களுக்கு: உங்கள் கண் முன்னால் யாராவது பந்தயத்துக்குத் தின்ன உட்கார்ந்து, எண்ணுகிற வேலை உங்கள் கைக்கு வந்தால், குச்சியைக் கீழே போடுங்கள். கைப்பேசியை அணையுங்கள். பாய் பக்கம் திரும்பி, அடுப்பை நிறுத்தச் சொல்லுங்கள்.